பின்னாடி ‘டொக்’… பர்ஸில் ‘பக்’!

ஜீப் வாங்கிய நாற்பத்து மூன்றாவது நாள் அது பேச ஆரம்பித்தது.

சேலத்தில் எங்கள் தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினேன். பின்னாலிருந்து ‘டொக்’. யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி, ஒரே ஒரு தட்டு. திரும்பிப் பார்த்தேன். பின் ஸீட்டில் என் டிபன் காரியர் மட்டும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

அடுத்த ஸ்பீடு பிரேக்கர். மறுபடியும் ‘டொக்’.

“என்னங்க, வண்டி வாங்குனீங்களா, கோயில் மணி வாங்குனீங்களா?” என்றாள் என் மனைவி.

சொஸைட்டி லோன் போட்டு வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஜீப். நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ். ஆபீஸில் அத்தனை பேரும் மாருதியிலும் ஸ்கூட்டரிலும் வரும்போது நான் மட்டும் ஜீப்பில் போய் இறங்கினால் வாட்ச்மேனே ஒரு தினுசாக ஸல்யூட் அடிப்பார். அந்த ஸல்யூட்டுக்கே மாதத் தவணை கட்டலாம் என்று நினைத்துக் கொண்டிருந்தவன் நான்.

சத்தத்தைப் பற்றி ஆபீஸில் சொன்னதுதான் நான் செய்த முதல் தப்பு. ஹெட்கிளார்க் கண்ணை மூடிக்கொண்டு, “பேரிங்!” என்றார். அவரிடம் இருப்பது சைக்கிள். டெஸ்பாட்ச் தம்பி யூ டியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, “டிஃபரன்ஷியல் போச்சு ஸார், அம்பதாயிரம் ஆகும்” என்று என் வயிற்றில் ஆஸிட் ஊற்றினான். கேஷியர் மட்டும், “வண்டிக்குள்ள என்னென்ன கெடக்குதுன்னு பாத்தீங்களா?” என்று கேட்டார். அன்றைக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அதுதான். அதை நான் கடைசியாகத்தான் செய்தேன்.

செய்து பார்த்தபோது, ஸீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி, அதன் கைப்பிடி, முந்தைய ஓனரின் அரை ஸ்பேனர், என் மகள் மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்த ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் வெளியே வந்தன. ஸ்டெப்னியின் நட்டு லேசாகத் தளர்ந்திருந்தது. பின் கதவின் சங்கிலி ஆடியது. எல்லாவற்றையும் இறக்கி, இறுக்கி, சங்கிலிக்குத் துணி சுற்றி ஒரு ரவுண்டு போனேன். ‘கலகல’ போய்விட்டது. ‘டொக்’ போகவில்லை. பரவாயில்லை, கச்சேரியில் பக்கவாத்தியம் நின்று பாட்டு மட்டும் தெளிவாகக் கேட்டது!

முதல் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பையன் பின் பம்பரை இரண்டு அமுக்கு அமுக்கினான். “ஷாக் அப்ஸார்பர் அவுட் ஸார்.” ஜோடியாக மாற்றினார்கள். கூலியோடு 3,800 ரூபாய். பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டுக்கு வெளியே இருந்த பள்ளத்தில் இறங்கியதும், ‘டொக்’. புது ஷாக் அப்ஸார்பர், பழைய குரல்.

இங்கே கொஞ்சம் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், சட்டை அழுக்காகாது.

பழைய ஜீப்புகளிலும், 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியிலும், 2010-ல் வந்த முதல் மகிந்திரா தாரிலும் பின்பக்கம் இருப்பது பட்டை ஸ்பிரிங். மாட்டுவண்டி வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு சென்டர் போல்ட் போட்டுக் கோத்திருப்பார்கள். பின் ஆக்ஸில் இந்தக் கட்டின்மேல் உட்காரும். அதை அசையாமல் பிடித்துக் கட்டியிருப்பது ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு யூ போல்ட். சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸிலில் இருக்கும் ஒரு குழியில் போய் உட்கார்ந்து, ‘நீ இருக்க வேண்டிய இடம் இதுதான்’ என்று அடையாளம் காட்டும்.

மெயின் பட்டையின் இரண்டு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். முன் வளையம் சேஸிஸில் நேராக மாட்டப்பட்டிருக்கும். பின் வளையம் மட்டும் ‘ஷேக்கிள்’ என்கிற ஊஞ்சலில் தொங்கும். ஏன் ஊஞ்சல்? பள்ளத்தில் விழும்போது வளைந்த பட்டை நிமிர்கிறது. நிமிர்ந்தால் நீளுகிறது. அந்த நீளத்துக்கு இடம் விட வேண்டாமா? அதற்குத்தான் ஊஞ்சல். ஒவ்வொரு வளையத்திலும் ரப்பர் புஷ். இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் சண்டை போடாமல் நடுவில் நிற்கிற மாமியார் வீட்டுப் பெரியவர் மாதிரி. அந்தப் பெரியவர் தேய்ந்து போனால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இதில் ஷாக் அப்ஸார்பரின் வேலை ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான். அது தளர்ந்து போனால் வண்டி படகு மாதிரி மிதக்கும், குதிக்கும், எண்ணெய் கசியும். பெரும்பாலும் ‘டொக்’ போடாது. அதை மேலும் கீழும் மாட்டியிருக்கிற இடத்தின் புஷ் தேய்ந்தாலோ நட்டு தளர்ந்தாலோதான் தட்டும். அந்த புஷ்ஷின் விலை ஷாக் அப்ஸார்பரின் விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது. தவிர, பம்பரை அமுக்கிப் பார்க்கிற அந்தச் சோதனை கார்களுக்குச் சரி. பட்டை ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி அவையே ஆட்டத்தைப் பாதி அடக்கிவிடும். அமுக்குவதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது, நாக்கை மட்டும் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிற மாதிரி. இதெல்லாம் 3,800 ரூபாய் கொடுத்த பிறகு தெரிந்துகொண்டவை.

இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில் கொஞ்சம் விவரமான ஆள். கடப்பாரையை வளையத்துக்குப் பக்கத்தில் கொடுத்து நெம்பினார். ஷேக்கிள் ‘லொடக்’ என்று ஆடியது. “புஷ் எல்லாம் மாவாயிடுச்சு ஸார்.” ஜீப்பைத் தூக்கி நிறுத்தி, இரண்டு பக்கத்துப் பட்டைக் கட்டையும் கழற்றி, புது புஷ் அடித்து, பழைய யூ போல்ட்டையே திரும்பப் போட்டு, அந்தரத்தில் தொங்க விட்டபடியே எல்லாவற்றையும் இறுக்கி, கீழே இறக்கினார். நான் பக்கத்திலேயே நின்று டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் என் கண் முன்னால் இரண்டு தவறுகள் நடந்தன. இரண்டையும் நான் பார்த்தேன், ஒன்றும் தெரியாமல்.

ஒரு மாதம் நிசப்தம். எனக்கே நம்ப முடியவில்லை. அந்த உற்சாகத்தில்தான் மாமியாரின் வேண்டுதலுக்காகக் கொல்லிமலைக்குக் கிளம்பினோம், அறப்பளீஸ்வரரைப் பார்க்க. மாமியார், மனைவி, மகள், நான். மச்சினன் மட்டும் பின்னாலேயே பைக்கில். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவன் அங்கே சும்மா இருப்பானா? மாமியாருக்கு முன்னால் பந்தாவாக லீவரைத் தள்ளி நாலு சக்கரத்தையும் இழுக்க விட்டேன்.

பத்தாவது வளைவுக்குள் ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. டயர்கள் ‘கீச்’ என்றன. பதினைந்தாவது வளைவில் கீழேயிருந்து ‘டங்’ என்று ஒரு வெடி. மாமியார் முருகனைக் கூப்பிட்டார். லீவரைத் திரும்ப இழுத்தால் வரவே மாட்டேன் என்கிறது. எதிரே இறங்கி வந்த ஒரு ஜீப் டிரைவர் நிறுத்திப் பார்த்தார்.

“தார் ரோட்டுல எதுக்கு ஸார் ஃபோர் வீல் போட்டீங்க? ரிவர்ஸ்ல பத்தடி போயிட்டு லீவரை இழுங்க.”

இழுத்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது.

விஷயம் இதுதான். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் அடிக்கின்றன. இந்த மாதிரி பழைய வண்டிகளில் ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டிக் கொள்ளும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழியில்லை. கயிற்றை முறுக்குகிற மாதிரி கியர்களும் ஷாஃப்ட்டும் முறுக்கிக்கொண்டே போய், தாங்க முடியாத ஒரு கணத்தில் டயர் துள்ளி ‘டங்’ என்று விடுபடும். வண்டியில் கோளாறு இல்லை. டிரைவரிடம்தான் கோளாறு.

ஆக, அந்தச் சத்தம் நின்றது. மேலே போனோம், சாமி கும்பிட்டோம். இறங்கும்போதுதான், ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதிக்கிறபோதெல்லாம்… ‘டொக்’. திரும்ப ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இன்னொரு ‘டொக்’. அதே பழைய குரல், ஆனால் இன்னும் கனமாக. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கமாகவே பிடித்துக்கொண்டிருந்தால்தான் வண்டி நேராகப் போகிறது என்பதையும் கவனித்தேன். கவனித்துவிட்டு, ‘காற்று குறைவாக இருக்கும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன்.

அடிவாரத்தில் டீக்கடை. பின்னாலேயே வந்த மச்சினன் பைக்கை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

“மாமா… உங்க ஜீப்பு நண்டு மாதிரி போகுது.”

“என்னடா சொல்றே?”

“பின் சக்கரம் முன் சக்கரம் போற தடத்துல போகலை மாமா. பின்பக்கம் லெஃப்ட்ல தள்ளிக்கிட்டே வருது. நான் பத்து வளைவா பாத்துட்டு வர்றேன்.”

மகள் ஜன்னல் வழியாகப் பட்டாணி தின்றுகொண்டிருந்தாள். எனக்கு டீ இறங்கவில்லை.

பெண்களை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, இருபது கிலோ மீட்டர் வேகத்தில் ஊர்ந்து நாமக்கல் போய்ச் சேர்ந்தேன். லாரிகளுக்குப் பேர் போன ஊரில் பட்டை வேலை செய்கிற பட்டறைக்கா பஞ்சம்? ஒரு பட்டறையில் அழுக்கு லுங்கியோடு ஒரு பெரியவர். ஜீப்பைத் தொடக்கூட இல்லை. பீடியை அணைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார்.

“பள்ளத்துல விழும்போது மட்டும் அடிக்குதுங்களா? பிரேக் போட்டா அடிக்குதுங்களா? இல்ல, சமதரையில கிளட்ச்சை விடும்போது அடிக்குதுங்களா தம்பி?”

ஆபீஸ், யூ டியூப், இரண்டு ஒர்க்‌ஷாப்… ஒருவரும் கேட்காத கேள்வி! அவர் கணக்கு எளிமையானது. ஆக்ஸிலேட்டரில் காலே வைக்காமல் மேடு பள்ளத்தில் உருளும்போது தட்டினால் புஷ், ஷேக்கிள், ஷாக் அப்ஸார்பர் மாட்டுகிற இடம். சமதரையில் கியர் போட்டுக் கிளட்ச்சை விடும்போதும், ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டுக் கொடுக்கும்போதும் தட்டினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் அல்லது டிஃபரன்ஷியல் பல் இடைவெளி. பெரிய பள்ளத்தில் மட்டும் ‘தொம்’ என்றால் ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் ரப்பர் கட்டை விழுந்திருக்கும். பிரேக்கிலும் தட்டி, வண்டி கிளப்பும்போதும் தட்டினால்…

“ஆக்ஸிலே நடக்குதுங்க.”

ஒரு டேப்பை எடுத்தார். ஸ்டீயரிங்கை நேராக வைக்கச் சொல்லி, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அளந்தார். இடப்பக்கம் முக்கால் அங்குலம் அதிகம். அடியில் படுத்துப் பார்த்து என்னையும் கூப்பிட்டார். இடது யூ போல்ட் பக்கத்தில் பட்டை பளபளவென்று வெள்ளி மாதிரி தேய்ந்திருந்தது. சுற்றிலும் துருப்பொடி செம்மண்ணாகக் கசிந்திருந்தது. “அழுக்குக்குள்ள பளபளப்பு இருந்தா அங்க ஏதோ ஆடுதுன்னு அர்த்தம் தம்பி.” ஸ்பேனரை வைத்ததும் நட்டு கையோடு சுற்றியது. கழற்றினால் சென்டர் போல்ட் இரண்டு துண்டு. பிரேக் போட்டால் ஆக்ஸில் பின்னால் நகர்ந்திருக்கிறது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் முன்னால். எழுபது வளைவிலும்!

இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் பிரேக் ஹோஸ் இழுபட்டிருக்கும், ஷாஃப்ட் பிடுங்கிக் கொண்டிருக்கும். அதை அவர் விளக்கமாகச் சொன்னார். நான் பாதிக்கு மேல் கேட்கவில்லை. மாமியாரும் மகளும் உட்கார்ந்திருந்த பின் ஸீட்டைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

“யாருங்க இதைக் கடைசியா கழட்டுனது?”

சொன்னேன். தலையில் அடித்துக் கொண்டார். கட்டைக் கழற்றினால் யூ போல்ட்டைப் புதிதாகப் போட வேண்டுமாம். ஒரு தடவை இழுபட்டு நீண்ட போல்ட் திரும்பச் சரியாகப் பிடிக்காது. புதிதாகவே போட்டாலும் சில நூறு கிலோ மீட்டர் ஓடியபின் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும், போல்ட் தளரும். அப்போது ஒரு தடவை மறுபடி இறுக்கியே ஆக வேண்டும். எனக்கு முதலாவதும் நடக்கவில்லை, இரண்டாவதும் நடக்கவில்லை.

அடுத்து புஷ்ஷைக் காட்டினார். ஒரே மாதத்தில் ரப்பர் கிழிந்து உதிர்ந்திருந்தது. “அந்தரத்துல வெச்சு இறுக்கினாங்களா?” ஆமாம் என்றேன். வண்டியைத் தூக்கினால் ஆக்ஸில் கீழே தொங்கும், பட்டை அதிகமாக வளையும், ஷேக்கிள் வேறு கோணத்தில் நிற்கும். அந்த நிலையில் போல்ட்டை முடுக்கினால் ரப்பர் அங்கேயே பூட்டிக் கொள்ளும். கீழே இறக்கியதும் வண்டியின் பாரத்தில் எல்லாம் திரும்பும்போது, ரப்பர் மட்டும் இருபத்து நாலு மணி நேரமும் முறுக்கிக்கொண்டே நிற்கும். கழுத்தைத் திருப்பியபடியே தூங்கி எழுந்தவன் மாதிரி. அதனால் மேலே இருக்கும்போது போல்ட்டைச் சும்மா கோத்துவிட்டு, சக்கரம் தரையில் நின்று முழு பாரமும் இறங்கிய பிறகு, பின்னால் இரண்டு பேர் ஏறி ஆட்டிவிட்டுத்தான் கடைசி முடுக்கு. அப்படியே செய்தார். எத்தனை பலம் என்பதற்குக் கை கணக்கு போதாதென்று டார்க் ரெஞ்ச் ஒன்றும் வைத்திருந்தார். அந்த லுங்கிக்கு அதை நான் எதிர்பார்க்கவில்லை.

நடுவே ஒரு திட்டும் வாங்கினேன். அவர் ஜாக்கி வைக்கும்போது, “ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன்” என்று பெருமையாகச் சொன்னேன்.

“போட்டு என்ன பிரயோசனம்? இது சக்கரத்துல பிடிக்கிற பிரேக் இல்லீங்க, ஷாஃப்ட்டுல பிடிக்கிறது!”

பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் காற்றில் எதிர்ப்பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். ஹேண்ட் பிரேக் இழுத்த வண்டி ஜாக்கியிலிருந்து விழுவது இப்படித்தான். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்ட், அப்புறம்தான் அடியில் தலை. வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கிற ஆளை அவர் பட்டறைக்குள்ளேயே விடுவதில்லையாம்.

வேலை முடிந்ததும் வெள்ளை பெயின்ட் டப்பாவை எடுத்து, ஒவ்வொரு நட்டின்மேலும் பட்டைமேலும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். கோடு உடைந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. மாதம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான மெக்கானிக் கிடையாது.

உங்களிடம் இருப்பது பட்டை இல்லாத வண்டியா? 2002-ல் வந்த ஸ்கார்ப்பியோவிலிருந்து, 2020-ன் புது தார், 2023-ன் ஜிம்னி வரை பின்னால் காயில் ஸ்பிரிங்தான். அதில் ஆக்ஸிலைப் பிடித்திருப்பவை நீளமான இரும்புக் கைகள். அந்தக் கைகளின் முனைகளில் இருக்கும் புஷ்களில்தான் ‘டொக்’ குடியிருக்கும். கேள்விகள் அதேதான், பாரத்தை இறக்கி வைத்து முடுக்குகிற விதியும் அதேதான்.

சென்டர் போல்ட், நாலு யூ போல்ட், புஷ் செட், கூலி எல்லாம் சேர்த்து அந்த 3,800-ஐத் தொடவில்லை. ஐநூறு கிலோ மீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார், போனேன். ஸ்பேனரை வைத்தார். கால் சுற்று உள்ளே போனது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

பின்பக்கம் இப்போது பரம சாந்தம். மாமியார் மட்டும் இன்னும் என் ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் மச்சினனிடம், “நேரா போகுதாடா?” என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொள்கிறார்.

போன வாரம் முன்பக்கத்திலிருந்து ‘க்ரீக்… க்ரீக்…’ என்று ஏதோ ஆரம்பித்திருக்கிறது. ஆபீஸில் வாயே திறக்கவில்லை.

“என்னங்க, இந்தத் தடவை நேரா நாமக்கல்லுக்கே போயிடலாமா?” என்கிறாள் மனைவி.